ஆட்சேபணை இல்லை

சூசைக்குப்பம்
6 ஜூலை 2025

மாதா துணை.

அன்புள்ள ஜாஸ்மின் கண்ணுக்கு, தேசம்மா அத்தை எழுதுவது. நானும் என் மகன் பாரத்தும் இங்கே சுகம். என் தம்பி எப்படி இருக்கிறான்? உன் அம்மாவுக்கு இருமல் குறைந்ததா?

என் வலது காது போன வருஷமே போனது. இப்போது இடதும் அடைத்துக்கொண்டது. பாரத் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து உன்னைப் பேசச் சொன்னானே, நீயும் முழித்தாய், நானும் முழித்தேன். பேசாதவளுக்கும் கேட்காதவளுக்கும் போன் எதற்கு என்று அவன் இன்னும் சிரிக்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம். மீன் வண்டி இனாயத் உங்கள் லூப் ரோடு மார்க்கெட்டுக்கு வரும்போது கொடுப்பான். ஈரமாக இருந்தால் காயவைத்துப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடலுக்குள் காத்தாடி நட்டுக் கரண்ட் எடுக்கப் போகிறார்களாம். ஒவ்வொன்றும் கோவில் கோபுரத்தைப் போல நாலு மடங்கு உயரமாம். நடட்டும். ஆனால் அந்தக் கரண்ட் வருகிற கம்பி எங்கள் கரையில்தான் ஏறப் போகிறது. கரைவலை இழுக்கிற இடத்தில் கம்பி, கருவாடு காயவைக்கிற மணலில் கரண்ட் ஸ்டேஷன், சுற்றிலும் வேலி. முகத்துவாரத்துக்கு வடக்கே முள்செடி மண்டிய மேடு சும்மாதான் கிடக்கிறது. அங்கே ஏற்றுங்கள் என்றால் கேட்க ஆள் இல்லை.

அடுத்த மாதம் மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைக்கிறார்கள். ஆபீசர் வருவார், மைக் கொடுப்பார். பெண்கள் சார்பில் நான் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தொண்டை உண்டு, வார்த்தைதான் கோர்வையாக வராது. நீ எழுதிக் கொடு கண்ணு. உனக்கு எழுத வரும்.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
தேசம்மா


சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம்
15 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு ஜாஸ்மின் எழுதுவது. நைனா சுகம். அம்மாவுக்கு இரவில் மட்டும் இருமல். நானும் சுகம்.

எனக்கு எழுத வரும் என்று நீங்கள் சொன்னதைப் பலமுறை படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் பேச்சு வராமல் நிற்பேன். டீச்சர் அடிக்கவில்லை, 'உட்காரு' என்று மட்டும்தான் சொல்வார். அந்த 'உட்காரு' தாங்காமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். வீட்டில் அம்மாவுக்கு உதவி என்று சொல்லிக்கொள்கிறோம். மார்க்கெட்டில் நான் மீன் ஆய்ந்து கொடுப்பதோடு சரி, விலை பேசுவதெல்லாம் அம்மா.

உங்கள் காத்தாடி விஷயத்தை மார்க்கெட்டில் வைத்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா உங்கள் கட்சி இல்லை அத்தை. அவள் பிறந்த ஊர் உப்பங்கழியில், கரி எரித்துக் கரண்ட் எடுக்கும் ஆலையின் சாம்பல் கலந்து மீன் செத்தது உங்களுக்குத் தெரியும். "காத்து இன்னா பண்ணும்? சாம்பல் கொட்டுமா, புகை விடுமா? கரிக்கு அது எவ்ளோவோ மேலு" என்றாள். அப்போது ஆழ்வார்பேட்டையிலிருந்து வழக்கமாக வரும் ஓர் அம்மா வஞ்சிரம் வாங்கிக்கொண்டிருந்தார். "எங்க மாடியில சோலார் போட்டாச்சு. இப்போ நாள் பூரா ஏசி ஓடுது, பில்லே வர்றதில்ல" என்றார். "அப்போ மீனுக்குப் பேரம் பேசாதம்மா" என்றாள் அம்மா.

அம்மா சொன்னதும் சரிதான், நீங்கள் சொல்வதும் சரிதான் என்று தோன்றியதால் மனுவை இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஐயா, எங்களுக்குக் காத்தாடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் விளக்கு எரிகிறது. அந்த விளக்குக்காக எங்கேயோ ஒரு கழி சாம்பலாகிறது என்பதும் தெரியும். புகையில்லாத கரண்ட் எங்கள் கடல் வழியாக வந்தால் எங்களுக்கும் பெருமைதான். கம்பியை மட்டும் முகத்துவாரத்துக்கு வடக்கே ஏற்றுங்கள். இந்த மணலை விட்டால் எங்களுக்குக் கருவாடு காயவைக்க வேறு மணல் இல்லை."

பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருகிறேன்.

உங்கள் பாசமுள்ள,
ஜாஸ்மின்


சூசைக்குப்பம்
2 ஆகஸ்ட் 2025

மாதா துணை.

கண்ணு, எல்லோரும் நலம். உன் தாள் வந்து சேர்ந்தது.

வலைக் கொட்டகையில் பாரத் சத்தமாகப் படித்தான். எனக்குக் கேட்கவில்லை, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாரத்துக்கு மட்டும் முதல் வரி பிடிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமாம். போடா, வேண்டாம்னு சொல்றவன் பேச்ச எவன் கேட்பான் என்று நான்தான் அடக்கினேன். உன் அம்மாவிடம் சொல், அவள் சாம்பலையும் நான் மறக்கவில்லை.

முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். நெத்திலி புரட்டும்போது சொல்லிப் பார்க்கிறேன். காது கேட்காததால் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன் என்று தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, ஆபீசருக்கு மைக்கே வேணாம், இங்கேர்ந்தே கேட்கும்" என்று கையைக் காட்டிச் சிரிக்கிறாள்.

கூட்டம் வருகிற இருபத்திரண்டாம் தேதி, ஊருக்கு வெளியே பள்ளிக்கூட மைதானத்தில். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்.

தேசம்மா


சீனிவாசபுரம்
24 ஆகஸ்ட் 2025

அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை இனாயத் அண்ணனிடம் கொடுப்பேனா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் கருணாகரன் என்று ஒருவர் இருக்கிறார். கூட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர். எங்கள் வீடுகளை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்கள். யாருக்கு இங்கேயே வீடு, யாரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புவது என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று எல்லோரும் நம்புகிறோம். அவரும் நம்ப வைக்கிறார். பெரும்பாக்கம் போனால் நைனாவுக்குக் கடல் இல்லை, அம்மாவுக்கு மார்க்கெட் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து, "வூட்டுக்கு ஒரு ஆளு. கடல்ல ஃபேன் வைக்கிறாங்களாம், போய்க் கை தட்டிட்டு வரணும், அவ்ளோதான். ஏசி பஸ்ஸு, பிரியாணி" என்றார். நைனா கடலில் இருந்தார். அம்மாவுக்கு இருமல். நான் கிளம்பினேன்.

கடல், ஃபேன் என்றதுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும் அத்தை. புரிந்தது. ஆனால் உங்கள் ஊராக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

பஸ்ஸில் எல்லோருக்கும் நீலத் தொப்பி கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலோச்சனா அக்கா, "போன மாசம் என்னை விவசாயின்னு கூட்டிக்கினு போனான். கையில நெல்லு நாத்து வேற குடுத்தான். இன்னிக்கு மீன்காரி. நல்லவேளை, நடிக்கவே தேவையில்ல, வாடையே போதும்" என்றாள். பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். கோவளம் தாண்டி உங்கள் மாதா கோவில் கோபுரம் தெரிந்தபோது சிரிப்பு நின்றது. டிரைவரிடம் சொல்லி இறங்கியிருக்கலாம். அதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

பந்தலில் இருந்த நாற்காலிகளிலெல்லாம் எங்களை உட்கார வைத்தார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் வந்தபோது இடம் இல்லை. கயிறு கட்டித் தடுத்து வெயிலில் நிற்க வைத்தார்கள். நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றீர்கள். கையில் என் தாள் இருந்தது. நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து சூசைக்குப்பத்துக்காரர் என்று சொல்லிப் பேசினார்கள். அப்புறம் ஆபீசர் அம்மா, "யாராவது சின்னப் பொண்ணு பேசட்டுமே" என்றார். கருணாகரன் என் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார். மைக் கைக்கு வந்தது.

"பேர் என்னம்மா?"

"ஜாஸ்மின்."

"இந்த ஊரா?"

கருணாகரன், "ஆமாங்க மேடம்" என்றார்.

"சொல்லும்மா. பயப்படாதே."

அத்தை, எனக்குச் சொல்ல வேண்டியது தெரியும். நானே எழுதியது. 'ஐயா, எங்களுக்குக் காத்தாடி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை' என்ற முதல் வரி நாக்கு வரை வந்து நின்றது. ஆபீசர் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார், சிரித்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். "ஏதாவது எதிர்ப்பு இருக்கா? இல்லையா?" என்றார். நான் நின்றேன். "பாவம், கூச்சப்படுது. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்குங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள்.

பிறகு நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் கொடுத்த பொட்டலத்தை சுலோச்சனா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக அப்போது நினைத்தேன்.


சீனிவாசபுரம்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு, எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் கொஞ்சம் காய்ச்சல், அதனால் உடனே எழுத முடியவில்லை. கூட்டம் நல்லபடியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். பாரத் மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜாஸ்மின்


சூசைக்குப்பம்
14 செப்டம்பர் 2025

மாதா துணை.

கண்ணு, உனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். விட்டதா? கஞ்சி குடி. நாங்கள் நலம்.

கூட்டம் முடிந்தது. நான் பேசவில்லை. சென்னையிலிருந்து பஸ்ஸில் ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றம் இல்லை, அவர்களுக்கு என்ன கஷ்டமோ. போகும்போது அவர்கள் விட்டுப்போன நீலத் தொப்பிகளைப் பொறுக்கி வந்து, கருவாட்டுப் பந்தலில் காக்கை விரட்டக் கட்டியிருக்கிறோம். காக்கை அதன் மேலேயே உட்காருகிறது.

நீ எழுதித் தந்த தாள் பத்திரமாக இருக்கிறது. உன் அம்மாவுக்கு நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். மார்க்கெட்டில் வெயிலில் உட்காரும்போது தலைக்கு ஏதாவது போட்டுக்கொள்.

தேசம்மா


சீனிவாசபுரம்
30 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

நலம் விசாரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கருவாடு வந்தது. அம்மா அன்றைக்கே குழம்பு வைத்தாள். நைனா, "அக்கா மணல்ல காஞ்ச கருவாடுன்னா தனிதான்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. தலைக்கு ஏதாவது போட்டுக்கொள் என்ற வரியைப் படித்ததிலிருந்து எதுவுமே இறங்கவில்லை.

ஆகஸ்டில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

ஜாஸ்மின்


சீனிவாசபுரம்
16 நவம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு, உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே மழை அதிகமா? இங்கே தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை.

இனாயத் அண்ணன் வரும்போதெல்லாம் நான் மீனை விட்டுவிட்டு அவர் கையைத்தான் பார்க்கிறேன். "கடுதாசி இல்லம்மா, காலா மீனு கீது, வேணுமா?" என்கிறார். அவர் கிண்டல் செய்யவில்லை. எனக்குத்தான் முகம் எரிகிறது.

திட்டியாவது எழுதுங்கள். திட்டு வந்தாலும் நான் காயவைத்துப் படிப்பேன்.

ஜாஸ்மின்


சூசைக்குப்பம்
28 டிசம்பர் 2025

மாதா துணை.

ஜாஸ்மினுக்கு அத்தை எழுதுவது. நானும் பாரத்தும் உயிரோடு நன்றாக இருக்கிறோம். புயல் மழையில் பந்தல் போனது, திரும்பக் கட்டிவிட்டோம். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு உங்களை எதிர்பார்த்தேன். நான்தான் கூப்பிடவில்லை, அப்புறம் எப்படி வருவீர்கள்?

உன்மேல் கோபத்தில் எழுதாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. கேள்.

கயிற்றைப் பிடித்து நின்றபோது எனக்கு எதுவும் கேட்கவில்லை. வாய்களைத்தான் பார்த்தேன். ஆபீசர் வாய், பஸ்ஸில் வந்தவர்கள் வாய், எல்லாம் அசைந்துகொண்டே இருந்தன. அப்புறம் நீ எழுந்தாய். தொப்பி போட்டால் என் தம்பி மகளை எனக்குத் தெரியாதா? முதலில் திக்கென்றது. அடுத்த நொடி சந்தோஷப்பட்டேன் கண்ணு. மைக் இவள் கையில் வந்துவிட்டது, தாளை எழுதியவளே பேசப் போகிறாள், நான் பேசாவிட்டால் என்ன என்று நினைத்தேன். உன் வாய் எப்போது அசையும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அது அசையவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி என் முகத்துக்கு நேரே வந்து, நான் உதட்டைப் படிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அந்த மைக்குப் புடிச்ச பொண்ணு உன் தம்பி பொண்ணு மாதிரி கீதே?" நான், "எனக்குத் தெரியாது, எவளோ" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில் சொல்லியிருக்கிறேன் போல. குழாயடியே திரும்பிப் பார்த்தது.

நீ உண்மையை எழுதி அனுப்பினாய். நான் உன்னைத் தெரியாது என்று சொன்னதை எழுத எனக்கு இத்தனை மாதம் ஆனது.

இப்போது பஞ்சாயத்து ஆபீசில் கூட்டத்தின் அறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். பாரத் எழுதிக் காட்டினான். 'ஜாஸ்மின், சூசைக்குப்பம், ஆட்சேபணை இல்லை.' கம்பி எங்கள் மணலில்தான் ஏறும் என்று போட்டிருக்கிறது. மேலிடத்தில் இன்னும் கையெழுத்து ஆகவில்லையாம்.

நீ ஏதாவது செய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உங்கள் வீட்டு விஷயம் எனக்கும் தெரியும். அங்கேயே வீடு கிடைக்கட்டும்.

தேசம்மா


சீனிவாசபுரம்
10 ஜனவரி 2026

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடமும் நைனாவிடமும் படித்துக் காட்டினேன். முதலிலிருந்து நீங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களையும் படித்தேன், ஆகஸ்டில் நான் எழுதியதற்கு வைத்திருந்த நகலையும் சேர்த்து. சத்தமாகத்தான் படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன், யாரும் உட்காரு என்று சொல்லவில்லை.

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "அக்கா தெரியாதுன்னு சொல்லிச்சா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அழுகை வந்திருந்தது. யார்மேல் வருத்தம் என்று தெரியவில்லை.

நான் ஆபீசர் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் எங்கள் உண்மையான விலாசத்தைப் போட வேண்டும். போட்டால் கருணாகரனுக்குத் தெரியாமல் இருக்காது. நேற்றே அவர் வாசலில் நின்று, "எதையாவது கிறுக்கி அனுப்புனா அப்புறம் பெரும்பாக்கந்தான், நான் பொறுப்பு இல்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சுலோச்சனா அக்காவிடம் இதைப் பற்றி நான் பேசியது அவர் காதுக்குப் போய்விட்டது போல.

அம்மா இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "காத்தாடி வர்றது வரட்டும்டி. அது வரணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா உன் வாய வச்சி வர வேணாம்." தபாலாபீசுக்கு அவளே போய் வந்தாள். அந்தக் கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது.

பொங்கலுக்கு நாங்கள் வரலாமா? குழாயடியில் எல்லோரும் இருக்கும்போது வருகிறோம்.

ஜாஸ்மின்


அனுப்புநர்:
ஜாஸ்மின், த/பெ மிக்கேல்,
சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம், சென்னை 28.

பெறுநர்:
சூசைக்குப்பம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்திய அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் நீலத் தொப்பி போட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்ற பெண் நான். பயப்படாதே என்று தாங்கள் அன்பாகச் சொன்னீர்கள். நான் சூசைக்குப்பத்துக்காரி இல்லை. என் விலாசம் மேலே இருக்கிறது. என்னைப் பஸ்ஸில் அழைத்து வந்தார்கள், நானும் வந்தேன். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் அம்மா பிறந்த ஊர்க் கழி கரிச் சாம்பலால் கெட்டது. அதனால் கடலில் காத்தாடி வருவதை அவள் விரும்புகிறாள். என் அத்தைக்கும் அது வேண்டாம் என்று இல்லை. கம்பி எந்த இடத்தில் கரை ஏற வேண்டும் என்பதில்தான் அவளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அவள் கயிற்றுக்கு வெளியே முதல் ஆளாக நின்றிருந்தாள். நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய நாற்காலி.

அவள் பெயர் தேசம்மா. என்னிடம் கேட்டதை அவளிடம் கேளுங்கள் அம்மா. அவளுக்குக் காது கேட்காது, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பதிலை அவளே வாயால் சொல்வாள். மைக் தேவைப்படாது.

தங்கள் உண்மையுள்ள,
ஜாஸ்மின்